மூடியில் எழுதாதே

(நூம்பலில் ஒரு ஞாயிறு மாலை, ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு அழைத்தவர்கள் ‘காசநோய் விழிப்புணர்வு’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தலைப்பில் பேச டாக்டர்கள் இருக்கிறார்கள், சுவரொட்டிகளும் இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை. முப்பத்தொரு வருஷம் காசநோய் லேபில் வேலை பார்த்தவள். பல லேப்கள், பெயரெல்லாம் வேண்டாம். எனக்குத் தெரிந்தது இந்த டப்பாதான். மேசைமேல் வைத்ததுமே முன்வரிசையில் இரண்டு நாற்காலி பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன். பயப்பட வேண்டாம், புது டப்பா, காலியாகத்தான் இருக்கிறது.

இது சளி டப்பா. அகல வாய், திருகு மூடி, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக். லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கிருமியைப் பற்றியது இல்லை. “பேர், நம்பர் எல்லாம் டப்பா மேல எழுதும்மா. மூடியில எழுதாதே” என்றார் என் சீனியர் அண்ணன் ஒருவர். ஏன் என்று கேட்டேன். “மூடி மாறும். டப்பா மாறாது” என்றார். ஒரே நேரத்தில் இருபது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிற மேசையில் ஒரு மூடி இடம் மாறினால் ஒருத்தருடைய நோய் இன்னொருத்தருக்குப் போய்விடும். அன்றைக்கு இது ஏதோ குமாஸ்தா வேலை என்று நினைத்தேன். இந்தத் தொழிலே அதுதான் என்று புரியப் பத்து வருஷம் ஆனது.

சளி என்று கேட்டால் நம் ஆட்கள் எச்சில் கொடுப்பார்கள். கூச்சம். பெண்களுக்கு இன்னும் கூச்சம். நாலு பேர் எதிரில் காறித் துப்பி எந்தப் பெண்ணுக்குப் பழக்கம்? அதனால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத, காற்றோட்டமான இடத்துக்கு அனுப்புவோம். கூச்சத்துக்காக மட்டும் இல்லை, இருமும்போது வருவது மூடிய அறையில் தங்கிவிடக் கூடாது என்பதற்காகவும்தான். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்புளித்துவிட்டு, இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி வர வேண்டும். கெட்டியாக, மஞ்சளாக வந்தால் எங்களுக்குச் சந்தோஷம். லேபில் இருப்பவர்களின் சந்தோஷம் அப்படிப்பட்டது. வீட்டில் சொன்னால் சாப்பிடுகிற நேரத்தில் இதென்ன பேச்சு என்பார்கள்.

அந்தச் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவ எதைப் பயன்படுத்தினோம் தெரியுமா? துடைப்பத்தில் இருந்து உருவிய ஈர்க்குச்சி. முனையைக் கொஞ்சம் நசுக்கினால் பிரஷ் மாதிரி ஆகிவிடும். ஒரு சளிக்கு ஒரு குச்சி, தடவியதும் கிருமிநாசினியில் போட்டுவிட வேண்டும். தென்னை இருக்கிற ஊரில் இதைவிட மலிவாக வேறு என்ன கிடைக்கும்? தடவியது சரியான கனத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் மெஷின் கிடையாது. காய்ந்த ஸ்லைடைச் செய்தித்தாள்மேல் பிடிப்போம். எழுத்தைப் படிக்க முடிந்தால் சரி. எழுத்து மறைந்தால் கனம் அதிகம். பளிச்சென்று தெரிந்தால் தடவியது போதாது. ஊர்ச் செய்தி பாதியை நான் சளி வழியாகத்தான் படித்திருக்கிறேன்.

அப்புறம் சாயம். கார்பால் ஃபுக்சின் என்று அடர் சிவப்பில் ஒரு திரவம். ஸ்லைடின்மேல் ஊற்றி அடியில் சுடர் காட்டினால் ஆவி வர வேண்டும், கொதிக்கக் கூடாது. பால் காய்ச்சிப் பழகிய கைக்கு இது எளிதாக வந்துவிடும். பிறகு 25 சதவீதக் கந்தக அமிலத்தை ஊற்றுவோம். மற்ற கிருமிகள் எல்லாம் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமி மட்டும் விடாது. அதன் மேல்தோல் மெழுகுத் தோல். கடைசியில் நீலச் சாயம். எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் நீலத் தரையில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள், யாரோ குங்குமத்தைக் கிள்ளிப் போட்டது போல. ஒன்றைக்கூடக் காணோம் என்றாலும் நூறு புலங்கள், அதாவது லென்ஸில் தெரிகிற நூறு வட்டங்கள், பார்த்த பிறகுதான் ‘நெகட்டிவ்’ என்று எழுதலாம். இடது கை ஸ்லைடை நகர்த்தும், வலது கை ஃபோகஸைத் திருகும், வாய்க்குள் எண்ணிக்கை ஓடும். ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து ஸ்லைடுக்குமேல் பார்த்தால் கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அறுபது எழுபது பார்த்த நாட்களும் உண்டு. அந்த நாட்களின் ரிப்போர்ட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

இன்னொரு சங்கடம், மைக்ராஸ்கோப்பில் ஒரு கிருமி தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை கிருமி இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக வைத்திருப்பவர் ‘நெகட்டிவ்’ சீட்டுடன் வீட்டுக்குப் போய் இருமிக்கொண்டே இருப்பார். அவருக்காகத்தான் கல்ச்சர். கிருமிக்குச் சாப்பாடு போட்டு வளர்த்துப் பார்ப்பது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. லோவன்ஸ்டைன்–ஜென்சன் என்று இரண்டு பேருடைய பெயர். உள்ளே இருப்பது முட்டை. கோழி முட்டைதான். நான் பிறந்த வீட்டில் முட்டை அடுப்படிக்குள் வராது. முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்குள் ஆயிரம் முட்டையாவது உடைத்திருப்பேன். முட்டை புதிதாக இருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம் தின்ற கோழியின் முட்டையாக இருக்கக் கூடாது. ஏனென்றால் நாம் சாப்பாடு போடுவதே கிருமி வளரத்தான், அதில் மருந்து கலந்து வந்தால்? ஓட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சுத்தமான பாத்திரத்தின் விளிம்பில் ஒவ்வொன்றாகத் தட்டி உடைக்க வேண்டும். ஒரு முட்டை அழுகியிருந்தால் மொத்தமும் போச்சு. அதனால் முதலில் சின்னக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுவேன். எங்கள் லேபுக்குப் பால்கோவா மாஸ்டர் யாராவது வந்திருந்தால் என்னைப் பாராட்டியிருப்பார். அதில் உப்புகள், கிளிசரின், பிறகு மாலகைட் பச்சை என்கிற சாயம். இந்தப் பச்சை, வேறு கிருமிகள் வந்து குடியேறாமல் தடுக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, சின்னக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, சாய்த்துப் படுக்கவைத்து 85 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்குமேல் சூடாக்கினால் இட்லி மாதிரி இறுகிவிடும். வெளிர் பச்சைச் சரிவு. அதன்மேல் சளியைப் பக்குவப்படுத்தி இரண்டு சொட்டு விட்டு, 37 டிகிரி அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

வைத்த பிறகுதான் நிஜமான வேலை. காத்திருக்கிற வேலை.

நம் குடலில் இருக்கும் சாதாரண ஈ-கோலி கிருமி இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகும். காலையில் போட்டால் அடுத்த நாள் காலை தட்டு நிறைந்திருக்கும். காசநோய்க் கிருமிக்கு இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர மூன்று நாலு வாரம். ‘இதில் ஒன்றும் வளரவில்லை’ என்று சொல்ல எட்டு வாரம். வாரம் ஒரு நாள் ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம். முதல் வாரமே ஏதாவது வளர்ந்திருந்தால் அது நம்மாள் இல்லை, வேறு ஏதோ. நாலாவது வாரம், ஐந்தாவது வாரம் என்று சரிவின் ஓரத்தில் ரொட்டித்தூள் சிந்தினது போல ஏதோ தெரியும். அடுத்த வாரம் அது காலிஃபிளவர் பூப்போல சுருண்டு, வெளிறிய மஞ்சளாக, சொரசொரவென்று எழும்பியிருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருக்கும். அந்த அழகைப் பற்றி நோயாளியின் வீட்டாரிடம் வாய் திறக்க முடியாது.

நம்முடைய இந்தப் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கிழக்கே போனால், மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை தாண்டி, பச்சையப்பன் கல்லூரியைக் கடந்தால் சேத்துப்பட்டு. அங்கே இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரை இந்த ஊரில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள் என்று தெரியவில்லை. உலகத்தில் காசநோய் படித்தவர் யாரிடமும் ‘மெட்ராஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே ‘1959’ என்பார்.

சேத்துப்பட்டுக்கும் காசநோய்க்கும் அதற்கு முன்னாலேயே ஒரு பழைய தொடர்பு. கணித மேதை ராமானுஜன் 1920 ஏப்ரலில் 32 வயதில் கண் மூடியது சேத்துப்பட்டு வீட்டில்தான். இங்கிலாந்தில் அவருக்குக் காசநோய் என்று சொல்லி சானடோரியம் சானடோரியமாக அனுப்பினார்கள். அதில் ஒன்று மெண்டிப் மலையில் டாக்டர் சௌரி முத்து நடத்தியது, நம் தமிழர். அவர்தான் பின்னாளில், 1928இல், தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். இன்றைக்கும் ரயிலில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஸ்டேஷன் வருகிறதே, அதுதான். ராமானுஜனுக்கு வந்தது காசநோயே இல்லை, ஈரலில் அமீபா தொற்று என்று இந்தக் காலத்து மருத்துவர் சிலர் வாதிடுகிறார்கள். அன்றைக்கு யாராவது அவர் சளியை முட்டைச் சரிவில் போட்டு எட்டு வாரம் காத்திருந்தார்களா என்பதுதான் லேப்காரியான எனக்கு எழுகிற கேள்வி.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு. மூன்றும் ஏழைக்குக் கிடைக்காதவை. எழுத்தாளர் புதுமைப்பித்தன் காசநோயால் 1948 ஜூன் 30 அன்று போனார், 42 வயது. ஐசோனியாசிட் மாத்திரை 1952இல் வந்தது. நாலே வருஷம்.

மாத்திரை வந்த பிறகும் கேள்வி இருந்தது. இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கு வேண்டிய படுக்கைகளைக் கட்ட எந்த அரசாங்கத்தாலும் முடியாது. ஆக, மாத்திரையை வீட்டிலேயே கொடுத்தால் குணமாகுமா? நெருக்கமான குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு? இதற்குப் பதில் தேடத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நாலும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. இங்கிலாந்திலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் வந்து பொறுப்பேற்றார். 193 நோயாளிகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. திருவுளச்சீட்டு மாதிரி எண் முடிவு செய்தது. இரண்டு பக்கமும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பாஸ் என்கிற மருந்தும், ஒரு வருஷம்.

பாஸ் சாப்பிட்டவர்கள் யாராவது இன்னும் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். கை நிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். வீட்டில் இருப்பவர் அதை நிஜமாகவே சாப்பிடுகிறாரா, கூவத்தில் போடுகிறாரா? மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணுவார்கள். சிறுநீர் கேட்டு வாங்கி வருவார்கள். அதில் ஃபெரிக் குளோரைடு விட்டால் பாஸ் இருப்பது நிறத்தில் தெரிந்துவிடும். ஆக, இந்தப் பெரிய ஆராய்ச்சியின் அஸ்திவாரம் மெட்ராஸ் சந்துகளில் அலைந்த செருப்புகள்தான். விஞ்ஞானிகள் பெயர் கட்டுரையில் வந்தது. அந்தச் செருப்புகள் தேய்ந்ததோடு சரி.

ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக ஒரு வருஷம் ஒருவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டியதில்லை. இன்னொரு பயமும் இருந்தது: வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் பிள்ளை குட்டிகளுக்கு ஒட்டாதா? பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். வீட்டு நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக வரவில்லை. ஒட்ட வேண்டியது மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒட்டிவிடுகிறது. 1959இல் இது அச்சில் வந்த பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, மருந்தே பெரிய காரணம். ஆனால் பிரித்து வைக்காதே என்று தைரியமாகச் சொன்னது சேத்துப்பட்டு.

இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? அந்தச் சளியைப் பார்த்த லேப்காரர்களுக்கு எது வீட்டுச் சளி, எது சானடோரியத்துச் சளி என்று தெரியாமல் வைத்திருந்த ஏற்பாடு. பாட்டிலில் எண் மட்டும். ஆள் தெரியாது, தெரு தெரியாது. தெரிந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாயும். பாவம் ஏழை, குணமாகியிருக்கட்டும் என்று ஒரு சிவப்புக் கோட்டை அழுக்கு என்று ஒதுக்கிவிடும். நல்ல எண்ணமும் கணக்கைக் கெடுக்கும்.

இப்போது இந்தச் சாலையின் மேற்குப் பக்கத்துக்கு வருகிறேன். உங்களில் அறுபது தாண்டிய, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்தவர்களுக்கு 1968க்குப் பிறகு எக்ஸ்ரே வண்டி வந்தது நினைவிருக்கலாம். அன்றைக்கு இதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியின் உலகத்திலேயே மிகப் பெரிய பரிசோதனை நடந்தது நம் மண்ணில். 2,80,000 பேருக்குமேல். சிலருக்குத் தடுப்பூசி, அதிலும் இரண்டு அளவு. சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்து, நிழல் தெரிந்தவர்களிடம் சளி வாங்கி, பரிசோதித்துக்கொண்டே இருந்தார்கள்.

பி.சி.ஜி. நம் ஊரில் சாதாரண விஷயமாக இருக்கவில்லை. கிண்டியில் 1948இலேயே தடுப்பூசிக் கூடம் வந்துவிட்டது. 1955இல் ராஜாஜி இந்த ஊசியை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். ஆகையால் முடிவுக்காகப் பலரும் காத்திருந்தார்கள். வந்த முடிவு எல்லோரையும் உட்கார வைத்துவிட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பதினைந்து வருஷக் கணக்கு 1999இல் வெளிவந்தபோதும் அதே பதில்.

பலர் நம்ப மறுத்தார்கள். ஊசி கெட்டுப்போயிருக்கும், கணக்குத் தப்பு, இந்தியாக்காரர்கள் சரியாகச் செய்திருக்க மாட்டார்கள். எல்லாம் பேசினார்கள். பிரிட்டனில் பலன் கொடுத்த ஊசி இங்கே ஏன் கொடுக்கவில்லை? நம் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். சின்ன வயதிலேயே உடம்பு அவர்களுடன் பழகிவிடுகிறது, அதற்குமேல் ஊசி புதிதாக எதையும் சொல்லித் தருவதில்லை என்பது ஒரு விளக்கம். தென்னிந்தியக் கிருமிக்கே ஒரு தனிக் குணம் உண்டு என்பது இன்னொன்று. இங்கிருந்து எடுத்த கிருமி கினிப் பன்றிகளில் பிரிட்டன் கிருமியைவிடச் சாதுவாக நடந்துகொண்டதை 1960 வாக்கிலேயே பார்த்திருந்தார்கள். ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பச்சைக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோய், உடம்பு முழுக்கப் பரவும் காசநோய் இவற்றிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது. பிறந்ததும் போடுகிற ஊசியைத் தவறாமல் போடுங்கள். ராஜாஜி சொன்னது சரியாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால், அவர் எதிர்த்த காரணங்கள் வேறு என்று பதில் போடுங்கள்.

‘வீட்டிலேயே குணமாகும்’ என்ற பதிலுக்குக் கிடைத்த புகழ் ‘ஊசி தடுக்கவில்லை’ என்ற பதிலுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. எல்லோரும் ‘ஆம்’ என்ற பதிலை எதிர்பார்த்து நிற்கும்போது, பாட்டிலில் வளர்ந்ததை வளர்ந்தபடியே எழுதி வைத்தார்களே. எண் மட்டும் தெரிந்து ஆள் தெரியாமல் வேலை செய்தவர்களால்தான் அது முடியும்.

இவ்வளவு பெருமையும் பேசிவிட்டு என் கை செய்த தப்பைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை.

கல்ச்சருக்குப் போடும் முன் சளியில் காரம் சேர்ப்போம், மற்ற கிருமிகள் சாக. பிறகு காரத்தைக் குறைக்க ஒரு திரவம் ஊற்ற வேண்டும். ஒரு பெரிய பாட்டிலிலிருந்து வரிசையாக ஒவ்வொரு குழாயிலும் ஊற்றிக்கொண்டே போனேன். அவசரம். ஒரு குழாயின் விளிம்பில் பாட்டில் வாய் பட்டிருக்கிறது. அந்தக் குழாயில் இருந்தது மூன்று பிளஸ் சளி. கிருமி குவியல் குவியலாக இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து வாரம் கழித்து அதற்கு அடுத்த மூன்று எண்களிலும் இரண்டு, மூன்று புள்ளிகளாக வளர்ந்திருந்தது. மூவருக்கும் ஸ்லைடில் நெகட்டிவ். நான் சந்தேகப்படவில்லை. ஸ்லைடில் தெரியாதது கல்ச்சரில் தெரிவது சகஜம்தானே என்று ‘பாசிட்டிவ்’ எழுதி அனுப்பிவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து வேறு ஏதோ வேலையாகப் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டும்போதுதான் நாலு எண்ணும் அடுத்தடுத்து இருப்பது கண்ணில் பட்டது. நெஞ்சு ‘திக்’கென்றது. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். மூன்று பேரில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து மருந்தை நிறுத்தினார்கள். மூன்றாமவர் ஒரு பெண். மருந்து ஆரம்பித்த விஷயம் தெரிந்து நிச்சயித்த கல்யாணம் நின்றுபோயிருந்தது.

அவளை நான் பார்க்கவில்லை. என் கையில் இருந்தது அவள் எண் மட்டும். எண்ணை மட்டும் பார்ப்பது நல்லது என்று சற்று முன் சொன்னேனே, அதன் மறுபக்கம் இது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனிச் சின்னப் பாட்டிலில் திரவத்தைப் பிரித்து வைக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தோம். பல லேப்களில் அது எப்போதோ விதியாக இருந்தது. எங்களிடம் நேரம் இல்லை என்று விட்டு வைத்திருந்தோம்.

இப்போதெல்லாம் மெஷின் வந்துவிட்டது. ஜீன்எக்ஸ்பர்ட்டில் சளியைப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா, ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கட்டுப்படுமா என்று இரண்டு பதிலும் வந்துவிடும். நம் நாட்டிலேயே செய்த ட்ரூநாட் அதைவிடச் சின்னது, ஏசி அறை தேடாது. பிள்ளைகள் என்னிடம் “மேடம், நீங்க எட்டு வாரம் காத்திருந்தீங்களா?” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் மெஷின் பார்ப்பது கிருமியின் டிஎன்ஏவை. செத்த கிருமிக்கும் டிஎன்ஏ உண்டு. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் சளியில் இருப்பது உயிரோடு இருக்கிறதா, பிணமா என்று தெரிய இன்றைக்கும் அதை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். கல்ச்சர் செய்கிற அறையும் மாறிவிட்டது. இரட்டைக் கதவு, உள்ளே காற்றழுத்தம் குறைவு, காற்று உள்ளே வருமே தவிர வெளியே போகாது. முழு அங்கி, இரண்டு கையுறை, என்95 முகமூடி. உள்ளே போனால் மூன்று மணி நேரம் மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. போவதற்கு முன் டீ குடிக்கக் கூடாது என்று சின்னப் பெண்களுக்கு நான்தான் சொல்லித் தருவேன். காரணத்தை அவர்களே ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவ்வளவு மெஷினுக்கும் நடுவில் நம் பக்கத்திலேயே, அம்பத்தூர் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து 2022இல் ஒரு காரியம் ஆரம்பித்தார்கள். காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் என்று தெரிந்த உடனே நர்ஸ் பார்ப்பது என்ன? உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கமா, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா. ஆபத்து என்று தெரிந்தால் அன்றைக்கே படுக்கையில் சேர்ப்பது. ஏனென்றால் இறப்பவர்களில் பெரும் பங்கினர் மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே இறந்துவிடுகிறார்கள். 1959இல் ‘எல்லோரையும் படுக்கையில் சேர்க்க வேண்டாம்’ என்று சொன்ன அதே ஊர், இன்று ‘இவர்களை மட்டும் சேர்’ என்கிறது. முரண்பாடு மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததால்தான் இரண்டாவது கேள்வி கேட்க முடிந்தது.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். மெட்ராஸ் ஆய்வில் வீட்டு நோயாளிகள் குறைவாகச் சாப்பிட்டும் மருந்தால் குணமானார்கள். ஆக சாப்பாடு முக்கியமில்லை என்று பலர் அவசரமாக முடிவு கட்டிவிட்டார்கள். ஜார்க்கண்டில் சேத்துப்பட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நோயாளி வீட்டிலிருந்த 10,345 பேர். குடும்பத்துக்கே மாதா மாதம் அரிசி, பருப்பு கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்தது. கிருமியைக் கொல்ல மாத்திரை போதும். அடுத்தவருக்கு வராமலிருக்க பருப்பும் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க நமக்கு அறுபது வருஷம் ஆனதற்கு வருத்தப்படுவதா, கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்படுவதா தெரியவில்லை.

நேரம் ஆகிவிட்டது, ஒரு விஷயத்தோடு முடிக்கிறேன். நான் ஓய்வு பெற்றது ஒரு மே மாதக் கடைசி நாள். கேக் வெட்டினார்கள், சால்வை போட்டார்கள். மாலை நாலு மணிக்கு அலமாரியைத் திறந்து பார்த்தேன். அந்த வாரம் நான் போட்ட பாட்டில்கள் இருந்தன. முப்பத்தாறு. அவற்றின் எட்டாவது வாரம் ஜூலைக் கடைசியில் வரும். அன்றைக்கு அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது வேறு யாரோ. அதில் ஒரு எண்மேல் எனக்கு ஏனோ கண் போயிருந்தது; ஸ்லைடில் நெகட்டிவ், ஆனால் சளியின் தோற்றம் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த எண்ணைக் கைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன். செய்யக் கூடாதுதான்.

ஜூலைக் கடைசியில் போன் போட்டேன். நான் பழக்கிய பெண்தான் எடுத்தாள்.

“எப்படி இருக்கீங்கக்கா? சாப்டீங்களா?”

சாப்பிட்டேன் என்றேன். பிறகு மெதுவாக எண்ணைச் சொல்லி, அதில் ஏதாவது வளர்ந்ததா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அலமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க இப்ப வெளியாள். ரிசல்ட் சொல்லக் கூடாது. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”